பூஜ்யத்தைப் பிடிக்கிறவர்

இல்லை, இல்லை, எங்கள் சம்பந்தி இன்ஜினியர் இல்லை. இன்ஜினியர் அளக்கிற டேப்பின் அந்தப் பக்கம் நின்று அளவைப் படிப்பார். பூஜ்யம் போட்ட நுனியைச் சுவரோரம் குந்திப் பிடித்துக்கொள்பவர் இவர். மாநகராட்சியில் முப்பத்தோரு வருடமாக அதே வேலை. பெண் கொடுத்தவர் ஆயிற்றே என்று நான் சும்மா விடுவதில்லை.

"பூஜ்யத்தைப் பிடிக்க ஒரு ஆளா, சம்பந்தி?"

"நான் ஒரு அடி நகந்தா உங்க வாசப்படி ரோட்டோட போயிடும், பாத்துக்கோங்க!"

இரண்டு மாதம் முன்பு எங்கள் இருவருக்கும் பேத்தி பிறந்தாள். மூக்கு என் மூக்கு. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது கிடக்கட்டும். குழந்தைக்கு எடை பார்க்க வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பத்து நிமிட நடை. மருமகள் குழந்தை வண்டியைத் தள்ளுவாள், நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே போவேன்.

அந்த நடைபாதைக்குத்தான் ஆபத்து வந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லையாம். ஐந்தடிக்குக் குறைந்த நடைபாதையை எல்லாம் எடுத்துவிடலாம் என்று கவுன்சிலர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். அப்புறம் வண்டியை எங்கே தள்ளுவது, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவிலா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் எங்கள் தெருவை அளக்க வந்தது சம்பந்தியும் ஒரு சின்ன வயது இன்ஜினியரம்மாவும். நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

சுவரை ஒட்டி இரண்டரை அடிக்குச் சாக்கடை மூடி போட்டிருக்கும். அது வேறு இலாகா. அதனால் மூடியைக் கழித்துவிட்டு அளப்பதுதான் வழக்கம். அப்படி அளந்தால் மூன்றே முக்கால் அடிதான் வரும். கதை முடிந்தது.

சம்பந்தி நுனியைச் சுவரிலேயே வைத்தார்.

"ஆறேகால்... என்னண்ணே, மூடியையும் சேத்துட்டீங்களா? பிளான்ல அது சாக்கடை."

"ஜனங்க அது மேலயும்தாம்மா நடக்குறாங்க."

அந்தம்மா நம்பாமல் அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"இப்ப நீங்க எது மேல நிக்கிறீங்க?" என்றார் சம்பந்தி.

இரண்டு காலும் மூடி மேல்! அந்தம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு அளவையும் எழுதி, மூடி மேல் ஆட்கள் நடப்பதைப் படமும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

இன்ஜினியரம்மா போனதும் சம்பந்தியிடம் மெதுவாகக் கேட்டேன். "பேத்திக்காகத்தானே அப்படிப் பிடிச்சீங்க?"

"அடுத்த தெருவுலயும் அப்படித்தான் பிடிச்சேன். அங்க எனக்கு எந்தப் பேத்தி?"

கவுன்சிலர்கள் திரும்பக் கூடும்வரை அவருக்குத் தூக்கமே இல்லை என்று மருமகள் பிறகு சொன்னாள்.

நேற்று கூட்டத்தில் கவுன்சிலர்கள் கை தூக்கினார்கள். மூடியும் நடைபாதையில் சேர்த்திதானாம். எங்கள் தெரு தப்பித்தது, அடுத்த தெருவும் தப்பித்தது.

இன்று காலை எடை பார்க்கப் போனோம். சம்பந்தி லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வண்டி என் கையில். பழக்க தோஷம், சுவரை உரசிக்கொண்டே தள்ளினேன். பின்னால் இருந்து குரல் வந்தது.

"ஏன் சம்பந்தி ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க? நடுவுலயே தள்ளுங்க, இடம் இருக்கு."