நீலச் சாயம் போன வழி

வயலில் தெளிக்கிற மருந்து மழைத்தண்ணீரோடு எவ்வளவு ஆழம் இறங்கும், எத்தனை நாளில் கிணற்றைத் தொடும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. திரையைப் பார்த்தே மண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, நேரில் போய் முழித்த அன்பர்கள் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எல்லாம் பச்சை

அன்னவாசல் பக்கம் சித்ரா என்பவரின் கடலை வயல். அவருக்கு வயது என்னைப் போல நாற்பதைத் தாண்டியிருக்கும். கணவர் துபாயில், விவசாயம் முழுக்க இவர் கையில். வயலோரக் கிணறுதான் ஐந்து வீட்டுக்குக் குடிதண்ணீர். களைக்கொல்லி அதில் இறங்குமா என்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து கேட்டிருந்தார்.

நாலு இடத்தில் மண் எடுத்துச் சோதித்து மாடலில் ஏற்றினேன். மருந்து ஒரு சாண் ஆழத்திலேயே சிதைந்துபோகும் என்று வந்தது. வரப்பில் லேப்டாப்பை வைத்து, ஆபத்தில்லை என்று சொல்லும் பச்சைப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். உற்றுப் பார்த்தவர் கேட்டார்: "சார், இதுல எங்க வடக்கு மூலை எங்கிட்டு இருக்கு?"

காலண்டர்

என் மாடலுக்கு வயல் முழுக்க ஒரே மண், மூலையே கிடையாது. சொல்ல வெட்கமாக இருந்தது. பெருமழையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அந்த மூலையில் மட்டும் நிற்காது, மறுநாளே கிணறு கலங்கும் என்றார். வீட்டிலிருந்து மூன்று வருஷக் காலண்டர்களை எடுத்து வந்தார். மழைக்கு ஒரு வட்டம், கலங்கலுக்கு ஒரு பெருக்கல் குறி. பெரிய வட்டம் ஒவ்வொன்றுக்கும் அடுத்த கட்டத்தில் பெருக்கல். இத்தனை ஒழுங்கான பதிவை எங்கள் ஆபீஸில் நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எதற்குக் குறித்து வைத்தீர்கள் என்றேன். "வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கள்ல, சார்."

குழி

அடுத்த வாரம் நீலச் சாயம் கலந்த தண்ணீரை வயல் நடுவிலும் வடக்கு மூலையிலும் ஊற்றி, மறுநாள் குழி வெட்டினோம். நடுவில் சாயம் ஒரு சாணோடு நின்றிருந்தது. மூலையில் வெட்ட வெட்ட நீலம் கீழே போய்க்கொண்டே இருந்தது. இடுப்பளவு குழிக்குள் இறங்கிப் பார்த்தால், விரல் தடிமனில் பொந்துகள். முன்பு அங்கே சீமைக்கருவேலம் அடர்ந்திருந்ததாம். வெட்டிய மரங்களின் வேர் மக்கி, மண்ணுக்குள் குழாய் பதித்ததுபோல் ஆகியிருந்தது.

பல வருஷமாக என்னோடு வயல் வயலாக அலையும் டிரைவர் முருகேசன் குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம மாடல்ல வேருக்குப் பட்டன் இல்லையா சார்?"

ஐந்து வீடு

பொந்து வழியே இறங்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்கப் பட்டன் இருந்தது. நான்தான் அழுத்தவில்லை. வடக்கு மூலையைத் தனியாகப் பிரித்து, பட்டனை அழுத்தி ஓட்டியதும் அந்த மூலை சிவந்தது. ஒரு பெருமழை போதும், மருந்து கிணற்றுக்கு வந்துவிடும். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை சித்ரா காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஐந்து வீட்டுக்கும் போய், தன் வயல் மருந்து கிணற்றில் இறங்கியிருக்கலாம், குடிக்க வேண்டாம் என்று மறைக்காமல் சொன்னார். தூரத்து ஊராட்சிக் குழாய்க்கு நடக்க வேண்டியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நின்று கேட்டுக்கொண்டார்.

தண்ணீரில் மருந்து துளியளவு இருந்தது. மூலையில் தெளிப்பதை நிறுத்தியபின் எடுத்த சோதனையில் அதுவும் இல்லை. இப்போது அங்கே கையால்தான் களையெடுப்பு. முதல் நாளே கூட வந்து குனிந்தவர், அதிகம் திட்டிய பக்கத்து வீட்டு அக்கா: "திட்டுனது திட்டுனதுதான். கெணறு எங்களுக்குந்தானே, தள்ளு, நான் இங்கிட்டு எடுக்குறேன்."

மண்ணுக்குள் மருந்து போகிற வேகத்தைக் கணிக்கத் தெரிந்த எனக்கு, அந்த மண்ணில் நடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இத்தனை வருஷம் ஆயிற்று என்பதை மட்டும் பதவி உயர்வு விண்ணப்பத்தில் நான் எழுதுவதில்லை.