கைமாறிய கம்ப்யூட்டர் சீட்டு

பி.காம். இரண்டாம் ஆண்டில் ஒரு துணைப்பாடம் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அல்லது புள்ளியியல். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் கணக்கு வேலைக்குப் போக நினைத்த யாரும் இதில் யோசிக்கவில்லை. வகுப்பே கம்ப்யூட்டர் கேட்டது. இடம் போதாமல் எங்கள் கல்லூரியில் குலுக்கல் வைத்தார்கள். எனக்கு விழுந்தது.

அப்பா மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர். அன்னூர்ப் பக்கத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து முதலில் சம்பள வேலைக்கு வந்தவர். கணபதியில் வாடகை வீட்டில் இருந்தோம். சேதி தெரிந்ததும், "எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குதுங்க" என்று தினமும் வருகிற பயணிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

இயந்திரங்கள் வந்து சேரவில்லை என்று முதல் வாரம் எங்களையும் புள்ளியியல் வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். சலிப்போடுதான் போனேன். பஞ்சு வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்து மொத்தத்துக்கும் விலை சொல்கிறாரே, எந்தத் தைரியத்தில் சொல்கிறார் என்று ஆசிரியை கேட்டார். அந்த ஒரு பிடியை எங்கிருந்து எடுப்பது, எப்போது அது ஏமாற்றும் என்று வகுப்பு முழுக்க அதைப் பற்றியே பேசினோம். ஆடிட் வேலையும் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. மணி அடித்தபோது எழ மனம் வரவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அன்னூரில் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். குலுக்கலில் அவளுக்கு விழவில்லை.

"என்ற கம்ப்யூட்டர் சீட்டை நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றேன்.

அவள் நம்பவில்லை. "வெளையாடாதீங்க. நாளைக்கு அழுவீங்க."

"அழமாட்டனுங்க. எனக்கு இது புடிச்சிருக்குது."

அலுவலகத்தில் மாற்றித் தரச் சம்மதித்தார்கள். இரண்டு பேர் வீட்டிலும் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாரே அப்பா.

டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, அந்தப் பாடத்துல என்னதான் சொல்லித் தாராங்க?" என்றார் அப்பா.

பஞ்சு மூட்டையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பார்க்காமல் கொஞ்சத்தைப் பார்த்தே மொத்தத்தைத் தெரிந்துகொள்வது என்றேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"எங்க செக்கிங் ஆளுங்க பண்றதாட்டவா? அவுங்க எல்லா பஸ்ஸுலயுமா ஏறறாங்க? எப்பவோ ஒண்ணுல ஏறுவாங்க. எதுல ஏறுவாங்கன்னு எவனுக்கும் தெரியாது. அதனால எல்லாருமே ஒழுங்கா இருக்கறோம்."

"அதேதானுங்கப்பா."

"அப்பச் செரி. கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"பஸ்ஸுல கேப்பாங்களேப்பா?"

"கேக்கட்டும். அத நான் பாத்துக்கறேன், அம்மணி."

அப்பா பயணிகளிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அந்தப் பேச்சு மறுபடி எழவே இல்லை.

படிப்பு முடிந்ததும் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரு மில்லின் வவுச்சர்களில் எதைப் பார்ப்பாய், எதை விடுவாய் என்று ஆடிட்டர் கேட்டார். எனக்குப் பேசுவதற்கு நிறைய இருந்தது. திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

போன கொஞ்ச நாளில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்கு அதை ஆன் செய்யக்கூடத் தெரியாது. அன்னூர்க்காரி அதற்குள் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கெழமை சென்டர்ல ஆள் இருக்காது, வந்துரு" என்றாள். நாங்கள் எப்போது 'நீ'க்கு மாறினோம் என்று நினைவில்லை.

வாரா வாரம் சர்ச்சில் பூசை முடிந்து நான் நேரே அங்கே போவேன். நான் தப்புத் தப்பாகத் தட்டுவேன். அவள் பொறுமையாக அழித்துவிட்டு, "மறுபடி போடு" என்பாள். மதியம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் அவள் கை நனைப்பதற்கு அவளுடைய வீட்டில் ஒரு பேச்சு வந்ததாம். என்ன பதில் சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். அம்மா அவளுக்கென்று எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள்.