கண்ணாடி போட்ட தலைவரும் கண்ணாடி போடாத தலைவரும்

மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டியோடு நின்றிருந்தபோது ஆபீசிலிருந்து போன் வந்தது. "உமா, ஹேமா அக்கா தவறிட்டாங்க. காலைல மாரடைப்பு." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். அக்காவை அறிந்த உங்களிடம் அதை மறைப்பானேன்? இந்த வாரம் விடியல்காரர்கள் செய்தி இருக்கிறதே, இனி யார் பார்த்துச் சொல்வார்கள் என்ற பயம்.

தாம்பரம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஹேமா அக்கா; நான் நிருபர். உழைப்பாளர் விடியல் கழகம் என்று நம் வட்டாரத்தில் இரண்டு கட்சிகள். நிறுவனர் கண்ணை மூடியதும் மகன் ஒன்று, மருமகன் ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். பெயரும் ஒன்று, கொடியும் ஒன்று. ஆட்களை நாலு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். கோபத்துக்குத்தான் லாரி வேண்டும். இதை எழுதும்போதே எனக்குத் திக்கென்கிறது. போஸ்டரில் நிறுவனர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் மகன் கட்சி, போடாவிட்டால் மருமகன் கட்சி. கண்டுபிடித்தது அக்காதான். "கொடியைப் பாக்காத, மூக்கைப் பாரு" என்பார்.

அதைக் கண்டுபிடித்த கதை கூடுவாஞ்சேரியில் நடந்தது. மகன் கட்சி கூட்டத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கொடியைப் பார்த்து உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். மேடைக்குக் கூப்பிட்டு அக்காவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடை பேனரை நிமிர்ந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "மோசம் போனோம்டி. அழைப்பிதழ்ல தலைவர் கண்ணாடி போட்டிருந்தாரு, பேனர்ல கண்ணாடி இல்ல. இது மருமகன் கூட்டம்."

சாயங்காலமே மகன் கட்சியினர் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்தார். "இன்னா மேடம், அவன்கிட்ட சால்வை வாங்கிக்கினு எங்கள பேஜார் பண்றியா?" நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அக்கா எழுந்து, "தப்பு என்னோடதுதான் தம்பி. ஒரே பேர்ல, அடுத்தடுத்த தெருவுல மைக் கட்டினா நான் என்ன பண்ணுவேன்? உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார். குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பார்த்தேன், அக்காவால் தன் டம்ளரைத் தூக்க முடியவில்லை.

இப்போது எல்லோரும் அவரைத் துணிச்சல்காரி என்கிறீர்கள். இல்லவே இல்லை, மகா பயந்தாங்கொள்ளி. அன்றிலிருந்து விடியல் என்று ஒரு வரி வந்தாலும் இரண்டு பக்கமும் போன் போட்டு, நேரிலும் போய்க் கேட்பார். "பயந்தவதான்டி ரெண்டாவது வாட்டி கேப்பா" என்பார்.

இந்த வாரம் பம்மலில் தண்ணீர் லாரி டிரைவரை அடித்ததாக ஒரு விடியல்காரரைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நான் போன் செய்தேன். "நம்ம ஆள் இல்ல, அவனுங்க ஆளு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாற்றிப் போட்டால் உதை நிச்சயம், சரியாகப் போட்டாலும் நிச்சயம். அக்காவின் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள், பிடிபட்டவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் மனைவி திறந்தார். நான் பத்திரிகை என்று சொல்லி, எந்தக் கட்சி என்று கேட்டதுமே, "இதையேதானே அந்த அம்மாவும் வந்து கேட்டுக்கினு போச்சு" என்றார். "கை நடுங்குச்சு. பயமா கீதும்மான்னுச்சு. தண்ணி குடுத்தேன். எங்க வூட்டுக்காரரு மகன் கட்சிதான், இப்ப அவனுங்க இல்லன்றானுங்க. ஏன், இன்னிக்கு அவங்க வரலியா?"

சுவரில் நிறுவனர் கண்ணாடியோடு இருந்தார். மகன் கட்சிக்காரர்கள் அந்த வீட்டில் நடந்த விழாவில் அதே படத்துக்கு மாலை போடும் போட்டோவும் பக்கத்தில் இருந்தது. தவறுவதற்கு முந்தைய நாள் அக்கா அங்கே தனியாக நின்றிருக்கிறார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தச் செய்தி இதே இதழில், மகன் கட்சி என்று தெளிவாக வருகிறது. அக்காவின் பயத்தை நான் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் பங்குக்கு வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் மகன் கட்சிக்காரர்கள் வருவார்கள். நாற்காலி போட்டுவிட்டேன், டீக்கும் சொல்லிவிட்டேன். கை நடுங்குது அக்கா.