பாலக்கரையில் வண்டி எண்ணுகிறவர்

வாய் "சாப்பிட்டாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடைக்கலத்தின் கட்டைவிரல் இரண்டு பைக்கையும் ஒரு ஆட்டோவையும் எண்ணி முடித்திருக்கும். மடியில் ஒரு பலகை, அதில் திருகி வைத்த எண்ணும் கருவிகள். பைக்குக்கு ஒன்று, ஆட்டோவுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, மிச்சமெல்லாம் சேர்த்து ஒன்று. வண்டி போனால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

பாலக்கரையில் ஒரு கடைத்தெருவைச் சோதனைக்காக வண்டிகளுக்கு அடைத்திருக்கிறார்கள். அதனால் பக்கத்துச் சாலையில் நெரிசல் எவ்வளவு கூடியது என்று கணக்கெடுக்கும் கம்பெனியின் ஆள் இவர். சொந்த ஊர் துறையூர். மனைவி போனபின் ஊர் ஊராக இதே வேலை. இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறை. ஊர் முழுக்கக் கண்ணெதிரே போகிறது, நின்று பேச ஒரு நாதி இல்லை.

போலீஸ் என்று நினைத்து அவசரமாக ஹெல்மெட் மாட்டுகிறவர்கள் உண்டு. தெருவை அடைத்ததே இவர்தான் என்று ஏசுகிறவர்கள் அதைவிட அதிகம். "யோவ், உன்னாலதான்யா சுத்திக்கிட்டுப் போறோம்!" அடைக்கலம் பல் தெரியச் சிரிப்பார். திட்டும் ஒரு பேச்சுதானே.

அதிலும் ஜெஸிமாவின் திட்டுக்காகவே சீக்கிரம் வந்துவிடுவார். தடுப்பை ஒட்டி, அடைத்த தெருவின் முதல் கடை அவளுடைய டீக்கடை. பைக்கை நிறுத்தி டீ குடித்தவர்கள் இப்போது வருவதில்லை. "வந்துட்டாருய்யா கணக்கப்புள்ள. எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு எப்படிண்ணே தூக்கம் வருது?" என்று கேட்டுக்கொண்டே டீயை நீட்டுவாள். நாள் முழுக்க அவருக்கென்று ஒருவர் பேசுவது அது ஒன்றுதான்.

ஒருநாள் குரலைத் தணித்தாள். "கூட ஒரு நூறு போட்டு விடுங்கண்ணே. நெரிசல் ஜாஸ்தின்னா தெருவைத் தெறந்துருவாங்கல்ல?"

"அது தப்பும்மா" என்றார். ஆனாலும் அன்று மத்தியானம், சாலை காலியாகக் கிடந்த நேரத்தில், விரல் பைக் கருவியை அமுக்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை. உடனே மனசு கேட்கவில்லை. அந்தக் கருவியில் எண்ணைப் பின்னால் திருப்ப வழி கிடையாது. கூட அமுக்கிவிட்டால், அத்தனை வண்டியை அமுக்காமல் விட்டுத்தான் நேர்செய்ய வேண்டும். பைக்குகள் வந்தன. அடைக்கலம் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் போக விட்டார்.

ஜெஸிமா கடையிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"வண்டி போய்க்கிட்டே இருக்கு, நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. குறைச்சுக் காட்டச் சொல்லிட்டாங்களாண்ணே? நல்லா இருங்க."

உங்களுக்காகக் கூட்டினேன், அதைத்தான் கழித்தேன் என்று சொல்லலாம்தான். கூட்டியதும் குற்றம், கழித்ததும் குற்றம். எதை முதலில் சொல்வது? மறுநாளிலிருந்து டீ வந்தது, திட்டு வரவில்லை. மனுஷன் ஒடிந்துபோனார்.

கணக்கெடுப்பு முடிந்த சாயங்காலம் கடைக்குப் போய் நின்றார். டீயைக் குடித்தார். "நாளையிலேருந்து வர மாட்டேம்மா. வேற ஊரு."

ஜெஸிமா கடைப் பலகையைத் துடைத்தாள்.

"ஏதாவது திட்டுங்கம்மா."

அவள் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பிவிட்டாள். அடைக்கலம் காலி கிளாஸை வாயருகே கொண்டுபோய், சூடு இன்னும் ஆறாததுபோல் ஊதினார்.