நாய்க்குப் பூர்வீகம் விசாரித்த பெரியப்பா

பிரெஞ்சு பேசும் பியர்பொன்ட்ஸ் ஊரில் இருந்தாலும் பெரியப்பாவுக்கு அந்த மொழி வராது. அதனால் இன்று நாய்க் காப்பகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

நாய் அவருடைய மகளுக்கு; அக்காவும் கூட வந்தாள். அக்கா கலியாணம் முறிந்து, போன மாரியில் தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

காப்பகப் பெண் ஒரு மண்ணிற நாயைக் கொண்டுவந்து, "சாதுவானது, ஆட்களோடு நன்றாக ஒட்டும்" என்றாள்.

பெரியப்பா என் காதுக்குள் சொன்னார்: "தாய் ஆர், தேப்பன் ஆர், எந்தப் பகுதி, என்ன ஆக்கள் எண்டு கேள்."

கேட்டேன். அதெல்லாம் தெரியாதாம். குணம் மட்டும்தான் தெரியுமாம்.

"பூர்வீகம் தெரியாததை எப்பிடி வீட்டுக்குள்ளை எடுக்கிறது?"

நாயைத் தடவிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னாள்:

"அப்பா, எனக்கு அவரைக் கலியாணம் பேசேக்கை மூண்டு தலைமுறை விசாரிச்சனீங்கள். இந்தமுறை குணத்தைப் பாத்து எடுப்பம்."

பெரியப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நாய் காரில் ஏறியது.

பாதி வழியில் பெரியப்பா சொன்னார்: "ஆக்கள் கேட்டால் லாப்ரடோர் எண்டு சொல்லுவம்."

அக்கா ஏன் வந்திருக்கிறாள் என்று கேட்டால், மாப்பிள்ளைக்கு டொரொண்டோவில் வேலை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் வீடு அது.

உங்கள் வீட்டில், ஆட்கள் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?