நீளாத இடக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, குறி, சகுனம் இதில் ஒன்றிலும் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கையில்லை, இன்றைக்கும் இல்லை. கோயிலுக்குப் போவேன், விபூதி பூசுவேன், அது வேறு. யாராவது வந்து முனியைக் கண்டேன், உருவத்தைக் கண்டேன் என்று தொடங்கினால், "நேற்று என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்கிற ஆள் நான். ஊரில் என்னை வாய்க்காரி என்பார்கள், அது சரிதான். பார்த்த வேலையும் அப்படி. வல்வெட்டித்துறையில் ஒரு புடவைக் கடையில் நின்று துணி அளந்து வெட்டிக் கொடுத்தவள். யார் வந்து கெஞ்சினாலும் ஒரு விரற்கடை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஆகையால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் ஐயா பின்னுவார். ஓம், கம்பளி நூலில் சுவெற்றர், தொப்பி எல்லாம் பின்னுவார், சிரிக்காதீர்கள், ஊர் முழுக்கச் சிரித்து முடித்த விஷயம் அது. இளமையில் கப்பலில் சுக்கான் பிடித்தவர், குளிர்க் கடலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்குப் பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டாராம். கரைக்கு வந்த பிறகும் விடவில்லை. வெயிலுக்குக் கோழிகூட வாயைத் திறந்துகொண்டு நிற்கும், இவர் விறாந்தையில் ஓலைப்பாயைப் போட்டு, மேலுக்குச் சட்டையும் இல்லாமல், நுனி மழுக்கிய சைக்கிள் கம்பிகள் இரண்டால் கம்பளி பின்னிக்கொண்டு இருப்பார். "என்ன கப்பல்காரர், பனி கொட்டுதோ?" என்று ரோட்டால் போகிறவர்கள் கேட்பார்கள். "கொட்டேக்கை நீயும் வந்து ஒரு சுவெற்றர் கேட்பாய்" என்பார், தலையை நிமிர்த்தாமல்.

அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். எனக்குப் பாவாடை தைத்தவரும் ஐயாதான், தலையணை உறை தைத்தவரும் ஐயாதான். எழுத்து வேலை அவருக்குப் பிடிக்காது, பின்னலுக்குக் கணக்கு வைப்பது புளியங்கொட்டையில். பக்கத்தில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை இருக்கும். ஒரு வரி பின்னி முடிந்தால் இந்தச் சிரட்டையில் இருந்து ஒரு கொட்டை அந்தச் சிரட்டைக்குப் போகும். ஒரு கை பின்னி முடிந்ததும் அந்தக் கொட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றக் கைக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு வருவார். கொட்டை முடிந்தால் கை முடிந்தது. இதில் பிழை வர வழியில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணை பெயர் குலம். அவரும் ஐயாவைப் போலக் கடல்தான், வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை. கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மனைவி தவமணி எங்களோடு இருந்தாள். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் இருந்து எழுதியிருந்தார், விரல் மடங்காத குளிர், ஐயா ஒரு சுவெற்றர் பின்னி வைத்தால் வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று. ஐயாவுக்குப் பிடிபடாத புழுகம், வாய் கொள்ளாத சிரிப்பு. யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய் கருநீல நூல் வாங்கி வந்தார். அண்ணையின் பழைய சேட் ஒன்றை அளவுக்கு வைத்து முன்பக்கம், பின்பக்கம், வலக்கை மூன்றையும் முடித்தார்.

இடக்கை தொடங்கிய கிழமைதான் தந்தி வந்தது. கப்பல் புயலில் மூழ்கிவிட்டது, கரை சேர்ந்தவர்களில் குலத்தின் பெயர் இல்லை.

தவமணி அழவில்லை. அழுதால் முடிந்துவிடும் என்று நினைத்தாளோ தெரியாது, கிணற்றடியில் போய் நின்று தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தாள், நான்தான் வாளியைப் பிடுங்கினேன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஐயா பாயில் இருந்து பின்னுகிறார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

"ஆருக்கு ஐயா பின்னுறியள்?"

"குலத்துக்கு."

அவ்வளவுதான் பதில். கொஞ்ச நாளில் இடக்கை முடிந்தது. வலக்கையோடு வைத்துப் பார்த்தால் நாலு விரற்கடை கட்டை. மனசு சரியில்லாத நேரம், கொட்டை தவறியிருக்கும் என்று நினைத்து உருவிப் போட்டு மறுபடி பின்னினார். மறுபடியும் அதே நாலு விரற்கடை. ஐயா பின்னிய இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இதற்குள் மாதங்கள் போய்விட்டன. கொழும்பில் கப்பல்காரரின் ஆட்களிடம் கேட்டும் ஒரு செய்தியும் இல்லை. அம்மாவின் தமையன் கந்தையா மாமா வரத் தொடங்கினார். கெட்ட மனிதர் இல்லை, சடங்கு விஷயத்தில் மட்டும் இரும்பு. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து கொள்ளி வைத்து, கீரிமலைத் தீர்த்தக்கரையில் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம், செய்யாவிட்டால் ஆன்மா அந்தரத்தில் நிற்கும் என்றார். எனக்குப் பேசி வைத்திருந்த கலியாணமும் அதனால் நிற்கிறது என்றார். சடங்கு நடந்தால் தவமணியின் தாலிக்கொடி கழலும். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஐயா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மாமா தானே ஒரு வெள்ளிக்கிழமை நாள் வைத்துவிட்டார்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஐயா இடக்கையை மூன்றாம் முறை பின்னுகிறார். எனக்குக் கடை விடுமுறை. இந்தக் கூத்துக்கு இன்றைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் குந்தினேன். நல்ல பகல், வெயில் விறாந்தைக்குள் பாதி வந்திருந்தது. நான் தூங்கவில்லை, எனக்குக் காய்ச்சல் இல்லை, எழும்பித் தண்ணீர் குடிக்கவும் போகவில்லை. வலக்கையைப் பாயில் விரித்து வைத்தேன், அதற்குப் பக்கத்தில் இடக்கை வளர்ந்துகொண்டு வந்தது. முழங்கை மட்டும் இரண்டும் அச்சொட்டு. முழங்கைக்குக் கீழேயும் கொஞ்சத் தூரம் சரிதான்.

பிறகு நின்றுவிட்டது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐயா பின்னுகிறார், கம்பி சத்தம் கேட்கிறது, நூல்பந்து உருண்டு உருண்டு சின்னதாகிறது, கொட்டை ஒவ்வொன்றாகச் சிரட்டை மாறுகிறது, ஆனால் கை நீளவில்லை. நம்பினால் நம்புங்கள், பாயில் ஒரு சிவப்புச் சாய ஓலை ஓடியிருந்தது, கம்பியில் வளருகிற விளிம்பை அதற்கு நேரே வைத்து, தோள் முனையை என் விரலாலும் அமத்திப் பிடித்தேன். வரிக்கு மேல் வரி ஏறுகிறது, விளிம்பு அந்தச் சிவப்பு ஓலையை விட்டு அசையவில்லை. சிரட்டை காலியாகும் மட்டும் அசையவில்லை. ஐயாவின் முகத்தைப் பார்த்தேன், வேர்த்து வடிகிறது, ஆனால் பதற்றம் இல்லை, சுக்கான் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளின் முகம்.

முடித்ததும் பறித்து எடுத்து வரிகளை எண்ணினேன். சரி. திரும்ப எண்ணினேன். சரி. இறுக்கமாகப் பின்னிவிட்டாரோ என்று இழுத்துப் பார்த்தேன், இறுக்கமும் இல்லை. அளந்தேன், நாலு விரற்கடை கட்டை. பயந்துபோனேன் என்று சொல்ல வெட்கமில்லை.

"ஐயா, இதென்ன?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. கை அவ்வளவுதான் வருது."

வியாழக்கிழமை பின்னேரம் மாமா வந்தார், கையில் ஒரு பார்சல், வெள்ளைப் பருத்திச் சேலை. தவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஐயா வாயைத் திறந்தார்.

"மச்சான், நான் நாளைக்கு வரேல்லை. கொள்ளி வைக்கமாட்டன்."

"ஏன் அத்தான்?"

ஐயா இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "இஞ்சை பார். அவன்ரை அளவு மாறியிருக்கு. செத்தவன்ரை அளவு மாறாது."

"உங்களுக்கு விசரே? உந்தக் கண்டறியாத பின்னலை வைச்சுக்கொண்டு ஒரு ஆன்மாவை அந்தரத்திலை விடப்போறியளோ?" மாமா என் பக்கம் திரும்பினார். "எடி பிள்ளை, நீ சொல்லு. நீ துணி அளக்கிறவள். கொப்பர் கண் தெரியாமல் பிழையாப் பின்னிப்போட்டார் எண்டு சொல்லு, அவர் கேட்பார்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஓமென்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நாளைக்கு அண்ணை உண்மையிலேயே இல்லை என்றானால் இந்தப் பெண்ணை வீண் நம்பிக்கையில் வைத்திருந்த பழி என் தலையில் வரும், அதுவும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அளந்ததை அளக்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது.

"கணக்குச் சரி மாமா. நீளம்தான் கட்டை. நான் முன்னாலை இருந்து பாத்தனான். எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது, ஐயாவிலை பிழையில்லை."

தவமணி வந்து அந்தக் கையை ஐயாவிடம் இருந்து வாங்கினாள். தன் கையை உள்ளே விட்டு, வெளியே வந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கீரிமலைக்கு வரேல்லை" என்றாள்.

"நாளைக்கு ஊர் கதைச்சால் என்னட்டை வரக்கூடாது, ஓம்!" என்று மாமா செருப்பையும் சரியாகப் போடாமல் இறங்கிப் போனார். பார்சல் அங்கேயே கிடந்தது.

ஊர் கதைத்ததுதான், கதைக்காமல் விடுமா? என் கலியாணப் பேச்சும் முறிந்தது. மாம்பழக் காலம் தொடங்கியபோது ஒரு கடிதம் வந்தது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது, கீழே அண்ணையின் கையெழுத்து. வேறொரு நாட்டுக் கப்பல் அவரைத் தூக்கியிருக்கிறது, நினைவில்லாமல் ஒரு ஆசுப்பத்திரியில் பெயர் தெரியாத ஆளாகக் கிடந்திருக்கிறார். பிறகு ஆளும் வந்து சேர்ந்தார், மெலிந்து கறுத்து. புயலில் பாரம் தூக்குகிற கம்பம் ஒன்று விழுந்து இடக்கை முழங்கைக்குக் கீழே நொறுங்கி, உடைந்த எலும்பை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பொருத்தினார்களாம். கை இருக்கிறது, விரல்கள் அசைகின்றன, ஆனால் கட்டை.

மாமாவும் வந்திருந்தார். வெயில் கொளுத்துகிறது, ஐயா அந்தச் சுவெற்றரைக் கொண்டுவந்து அண்ணைக்குப் போட்டுவிட்டார். வலக்கை மணிக்கட்டில் நின்றது. இடக்கையும் மணிக்கட்டில் நின்றது.

"ஐயா, ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று அண்ணை கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. கை அவ்வளவுதான் வந்துது."

தவமணி அன்றைக்குத்தான் அழுதாள், அண்டை அயல் எல்லாம் ஓடிவரும்படி அழுதாள். மாமா குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வெள்ளைச் சேலையை ஐயா பிறகு வெட்டி வீட்டுத் தலையணைகளுக்கெல்லாம் உறை தைத்தார், மாமா வந்து படுத்தால் அதில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பேன், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கு விளக்கம் கேட்காதீர்கள். முதுமை, கை நடுக்கம், சோகம் என்று நானும் எல்லாம் யோசித்துப் பார்த்தவள்தான். அப்படியென்றால் ஏன் அந்தக் கை மட்டும், ஏன் அந்த அளவு மட்டும்? விடுங்கள், அது போகட்டும். அண்ணை பிள்ளை குட்டியோடு வாழ்ந்து நல்லபடி போய்ச் சேர்ந்தார். என்னை உறுத்துவது அதில்லை.

பல வருடம் கழித்து, எழுபதுகள் முடிகிற நேரம், எனக்கும் கலியாணமாகி நெல்லியடியில் கடையும் வீடுமாக இருந்தோம். ஐயாவைப் பார்க்கப் போனால் பச்சை நூலில் பெரிதாக ஏதோ பின்னுகிறார், கழுத்து உயர்த்தி, தடிப்பாக. யாருக்கு என்றேன். உனக்கு என்றார்.

"எனக்கேன் ஐயா இந்த வெக்கைக்கை?"

"அங்கை குளிரும் பிள்ளை."

"எங்கை?"

அவர் கொட்டையை எடுத்து மற்றச் சிரட்டையில் போட்டார். அளவு நாடாவோடு கிட்டப் போனால் கையைத் தட்டிவிட்டார். முடித்து, தானே மடித்து, நூலால் கட்டி என் மடியில் வைத்தார். அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை. அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஊரை விட்டுப் போகிற நினைப்பே இல்லை, கொழும்புக்குப் போவதே எங்களுக்குப் பெரிய பயணம்.

பிறகு சண்டை வந்து எங்களை இங்கே கொண்டுவந்து போட்டது. இப்போது யன்னலுக்கு வெளியே பாருங்கள், முழங்கால் அளவு பனி. ஒவ்வொரு குளிருக்கும் மகள் கேட்பாள், அம்மா, தாத்தா பின்னினதை ஒருக்கால் போடுங்கோவன் என்று. நான் கடையில் வாங்கியதைத்தான் போடுகிறேன். எனக்கு இரண்டு கையும் இன்றைக்குச் சுகமாக இருக்கின்றன. ஐயா கட்டிய நூலை நான் இதுவரை அவிழ்க்கவில்லை, அளவு நாடா பக்கத்து மேசை லாச்சியில்தான் கிடக்கிறது.