எபி அண்ணன் துடைத்த கண்ணாடி

சென்ற திங்கட்கிழமை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, என்னிடமுள்ள குரூப் போட்டோக்களில் ஒன்றின் கண்ணாடியைத் துடைப்பது என்று முடிவெடுத்தேன். வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

அதைத் துடைக்க வாங்கிக்கொண்ட ஆரணி பிரேம் கடை எபி அண்ணன் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்...

பழைய குரூப் போட்டோ சேர்க்கும் என் வியாதி இங்கே என் பதிவுகளைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். காயலான் கடையிலிருந்து நான் தூக்கி வருவேன். அவர்தான் பிரித்து, பூச்சி தட்டி, மறுபடி மாட்டித் தருவார்.

குரூப் போட்டோவில் இருப்பவர் இறந்தால், கண்ணாடி மேல் அவர் நெற்றிக்கு நேராகக் குங்குமப் பொட்டு வைப்பார்கள். துடைத்தால் பொட்டும் போய்விடும். அண்ணன் இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்ததும் திரும்ப வைத்துவிடுவார்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார், எங்க ஊட்ல பொட்டு கெடையாது. ஆனா அடுத்தவங்க ஊட்டு சாவு நம்ம கையில மாறிடக்கூடாது இல்ல?"

ஒருமுறை மாறியது. 'வலது பக்கம் மூணு' என்று குறித்திருந்தார். பார்ப்பவரின் வலதா, படத்தில் இருப்பவரின் வலதா என்று குறிக்கவில்லை. பொட்டு விழுந்தவர் மறுநாள் கடைக்கு நேரில் வந்தார்.

"யோவ் எபி, ரேஷன் கார்டுலயே என்ன இன்னும் எடுக்கல. நீ எதுக்குயா ஜல்தியா அனுப்பி வெச்ச?"

"கோச்சிக்காத மாமா. ஒரே தொடை, எழுந்து உக்காந்துடுவ."

கட்டைவிரலால் துடைத்தார். செத்தவர் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"இனிமே எந்தப் பக்கம் கணக்கு அண்ணே?" என்று கேட்டேன். "மாத்திக்கினேன் சார்" என்றார். எதிலிருந்து எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை...

இப்போது விஷயம் இதுதான். துடைக்கக் கொடுத்த இந்தப் படத்தை முன்பே நான் இங்கே பதிவில் போட்டதைப் பார்த்துவிட்டு முள்ளிப்பட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். எழுபது வயதுக்கு மேல். அவர் தாய்வீட்டில் மாட்டியிருந்த படமாம். அப்பா இறந்தபோது இவர் கைக்குழந்தை.

"மூஞ்சி ஞாபகம் இல்லீங்க சார். பொட்டு வெச்சிகிறவருதான் உங்கப்பான்னு எங்கம்மா காட்டும். வேற படமே இல்லீங்க. ஒரு தடவ பார்த்துகினு போயிடறேன்."

அவருக்காகத்தான் துடைக்கக் கொடுத்தேன். அப்பா பளிச்சென்று தெரியட்டும் என்று.

என் போனில் படம் இருக்கிறது. வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தது. மிகத் தெளிவாக இருக்கிறது. பொட்டு கண்ணாடியில் இருந்தது.

யார் மேல் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பிரேமின் தேக்கை.

சாவு வீட்டில் எதுவும் கேட்கக் கூடாது என்ற உறுதியோடுதான் போனேன். அண்ணனின் மனைவியே எடுத்து வந்து கொடுத்தார்.

"நேத்து பூரா இதத்தான் தொடைச்சிகினு இருந்தாரு சார். பொட்டு மட்டும் பாக்கி, காலையில வெச்சிடறேன்னு சொல்லிட்டுப் படுத்தாரு..."

கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். பிரேமின் பின்னால் பென்சிலில், அவர் கையெழுத்தில்: 'நடு வரிசை. வலது 3.'

நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணே. நீங்கள் மாட்டிக் கொடுத்த படங்களெல்லாம் என் சுவரில் கோணாமல் நிற்கின்றன.

நடு வரிசையில் ஏழு பேர். அந்த அம்மா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார்.